காணாமல் போன ஏழாவது தையல்

அன்பும் பண்பும் மருந்துக்கடையும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். என் அடிவயிற்றில் நாலு விரற்கடை இடம் மட்டும் நலமில்லை. அங்கு எல்லோரும் முழு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்கள் கடை மருந்தை நீங்கள் பூசிக்கொள்வதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். "போன்ல பேசினா அவன் பேசிப் பேசியே நம்மள மன்னிப்புக் கேக்க வச்சிடுவான், எழுத்துல போடுங்க" என்பது உங்கள் அக்காவின் உத்தரவு. எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துப் பார்க்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஏழு தையலோடு என்னை வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஈரம் படாம வச்சுக்குங்க, தானா ஆறிடும். வேற எதுவும் தடவ வேண்டாம்." முப்பது வருஷமாகத் தையற்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அவர் கைவேலையைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் இருந்தாலும், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளே உங்கள் பார்சல் வந்தது. ஆன்டிபயாடிக் களிம்பு மூன்று குழாய், "பட்டாணி அளவு, இரண்டு வேளை" என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. உங்கள் அக்கா பட்டாணியையா பார்த்தாள்? "தம்பி ஆசையா அனுப்பியிருக்கான், இதுல என்ன கஞ்சத்தனம்?" என்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல் தடவ, அந்த வழுவழுப்பில் பிளாஸ்திரி ஒட்டாமல் கழன்று நாற்காலியில் விழ, என்னை விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் அதன்மேல் உட்கார்ந்து, எழுந்து, அதையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக, அங்கே வகுப்பு முழுக்கச் சிரிக்க, அவர் என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த மூன்று துணிகளையும் அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் புண்ணின் ஓரம் சிவந்து வாய் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்சம்மா குனிந்து எண்ணினார். "ஏழு போட்டோம், ஆறுதானே இருக்கு? ஒண்ணு எங்க போச்சு?" டாக்டரும் எண்ணினார். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். உங்கள் அக்கா பையிலிருந்து களிம்பை எடுத்துக் காட்ட, "சுத்தமா தைச்ச புண்ணுக்கு இது எதுக்கும்மா?" என்றார் டாக்டர். அவ்வளவுதான். "அப்போ என் தம்பி மருந்துதான் தையலத் தின்னிருக்கு! இனி அவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. நானும் தலையாட்டினேன். ஆகவே நூலைத் தின்னும் களிம்பை விற்பதை உடனே நிறுத்தும்படியும், உங்கள் அக்காவிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும்படியும் கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வியாபாரம் மேன்மேலும் பெருகட்டும், களிம்பு நீங்கலாக.

இப்படிக்கு,
ஆறு தையல் மீதமுள்ள
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "இப்பதான் உருப்படியா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, உறையை ஒட்டப் பசை எடுத்துவர உங்கள் அக்கா உள்ளே போயிருக்கிறாள். மாப்பிள்ளை, அவசரமாகச் சொல்கிறேன். களிம்பு எதையும் தின்னவில்லை. மூன்றாம் நாள் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏழாவது தையலில் மட்டும் நூல் முனை நீட்டிக்கொண்டு நின்றது. தொங்கும் நூலோடு ஒரு துணியை நான் இதுவரை கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. நூல்வெட்டியை எடுத்தேன். முடிச்சும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன். இப்போது பத்து நாளாக அவள் போனை எடுத்து உங்கள் எண்ணைப் பார்ப்பதும், போடாமல் கீழே வைப்பதுமாக இருக்கிறாள். புண் ஆறிக்கொண்டு வருகிறது, அவள் படும் பாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேச மாட்டாள். வீட்டில் அவளுக்குப் பேச ஓர் ஆள் வேண்டாமா? இது கிடைத்த உடனே கிளம்பி வந்துவிடுங்கள்.