ரிவர்ஸ் எடுக்காத வேன் அக்கா

கேமரன் மலையில் ரிவர்ஸ் கியரைத் தொடாமலே ஒரு ஆயுளை ஓட்டிக் காட்டிய ஒரே ஜீவன் எங்கள் வேன் அக்காதான். மறுத்துப் பேச நினைப்பவர்கள் ரிங்லெட் பக்கம் போய் எந்த லோரி டிரைவரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். எதிரெதிரே இரண்டு வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அந்த ஒன்று அக்காவின் பள்ளி வேனாக இருந்ததே இல்லை. எஞ்சினை அணைப்பார், பிளாஸ்க்கைத் திறப்பார், தேநீரை ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். தோட்டத்துத் துரையின் ஜீப்பே ஹாரன் அடித்து அலுத்துப் பின்வாங்கியிருக்கிறது. தோட்டப் பள்ளி வாத்தியாரான நான் முன்சீட்டில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பேன்.

"எதுக்கு சார் வெக்கப்படுறீங்க? அவங்களும் ரிவர்ஸ் எடுத்துப் பழக வேணாமா?" என்பார்.

ஒருமுறை ரிங்லெட் கடையில் குடையை மறந்துவிட்டார். கம்போங் ராஜா போன பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்த வழியே திரும்புவாரா? மலையின் மறுபக்கம் இறங்கி, ஈப்போவைச் சுற்றி, தாப்பா வழியாக மறுபடி மலையேறி வந்து குடையை எடுத்தார். அதற்குள் மழை விட்டிருந்தது.

அப்பேர்ப்பட்டவரை மூட்டுவலி உட்கார வைத்தது. வேனை விற்றார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் ஸ்டீபன் போனில் பிடித்துக்கொண்டான்.

"இங்க வந்துடுங்கம்மா. பிளாட்ல லிப்ட் இருக்கு, மாடிப்படி தொல்லை இல்ல. அங்க இனிமே உங்களுக்கு என்ன வேலை இருக்கு?"

லிப்டுக்கு அக்காவிடம் ஆயிரம் பதில் இருந்தது. வேலைக் கேள்விக்கு மட்டும் தவணை கேட்டார். "சனிக்கிழமை வா, முடிவு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் பார்த்து, கியா பார்மில் காய்கறி போடும் முனியாண்டி தன் கொட்டகையில் கிடந்த பழைய காரை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அது காரா? முட்டைக்கு மூன்று சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கதவே கிடையாது. முகம் முழுக்க ஒரே கதவு, குளிர்பெட்டி மாதிரி திறந்தது. என்றோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்ததாம். இப்போது உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இப்பவே சொல்லிடறேன்லா. இந்தக் காடிக்கு ரிவர்ஸ் கிடையாது. செஞ்சவனே வெக்கல" என்றார் முனியாண்டி.

அக்காவின் முகம் மலர்ந்தது. "எவன்யா செஞ்சான்? புத்திசாலி!"

"அக்கா, எஞ்சின் ஓடாது. பிரேக் பேருக்குத்தான் இருக்கு" என்றேன்.

"ஹாரன் இருக்குல்ல? ஏறுங்க சார். ஓட்டிப் பாக்காம யாராச்சும் காடி வாங்குவாங்களா?"

கோழியை இறக்கிவிட்டு நாங்கள் ஏறினோம். முனியாண்டி சரிவில் ஒரு தள்ளு தள்ளினார். முட்டை உருண்டது. நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். அக்கா ஹாரனை அடித்தார். நேரே போய் மண்மேட்டில் மூக்கை முட்டி நின்றோம். மூக்குதானே கதவு! திறக்க முடியவில்லை. பின்னால் போகக் கியரும் இல்லை. முனியாண்டி ஒற்றை ஆளாக இழுத்துப் பார்த்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நிதானமாகப் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.

"ஐயோ அக்கா, எதிர்ல நிக்கிறது மலை! அது ரிவர்ஸ் எடுக்காது!"

"அவசரப்படாதீங்க சார். பாப்போம்லா."

இரண்டாவது கப் ஊற்றும்போது பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஸ்டீபனின் முகம் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து வந்திருக்கிறான்.

"அம்மா, என்ன பண்றீங்க உள்ள?"

"காடி பாக்கறேன். முதல்ல பின்னால போய் இழு!"

அவனும் முனியாண்டியும் சேர்ந்து இழுக்க, மலை விட்டுக்கொடுத்தது. வெளியே வந்து முதுகை நிமிர்த்திய அக்காவையும் காரையும் ஸ்டீபன் மாறி மாறிப் பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான்.

"எல்லாம் துருப் பிடிச்சுப் போச்சும்மா. இத செஞ்சு முடிக்க வருஷக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும்."

"இதுக்கெல்லாம் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?"

"தேடணும்."

"யாரு தேடறது?"

"நான்தான். என்ன வேலை இருக்குன்னு கேட்டியே, இதான் வேலை."

அக்கா முனியாண்டியிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அம்மாவின் பெட்டிகளை ஏற்றிப்போக ஸ்டீபன் கொண்டுவந்திருந்த கயிற்றால் அந்த முட்டையைக் கட்டி வீடுவரை இழுத்துக்கொடுத்தான். அவன் வண்டி முன்னால் போக, அக்கா பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக் கொட்டகையில் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். மாதம் ஒருமுறை ஸ்டீபனும் ஏதாவது ஒரு பார்ட்ஸோடு வந்துவிடுகிறான். போன வாரம் எஞ்சின் ஒருமுறை இருமியது. அக்கா கைதட்டினார். நானும் தட்டினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, அது அவ்வளவு சீக்கிரம் ஓடிவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.