நைனாவின் மங்களூர் ஐட்டினரி

எங்கள் நைனா ஒரு சபதம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பத்தில் வெற்றி மாமாவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். உயிரே போனாலும் அங்கே தலை காட்டக் கூடாது!

காரணம் இருக்கிறது. எந்த விசேஷமானாலும் அம்மாவின் தம்பி வெற்றி மாமா, சீர்த்தட்டோடு நிற்கும் நைனாவிடம் வந்து, பத்துப் பேர் காதில் விழும்படி ஒன்று கேட்பார். (மூக்கால் படிக்கவும், அதுதான் மாமா குரல்.) "இன்னா மாமா, நீ எப்போ வூடு கட்டுவே?"

திருவொற்றியூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. நைனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதனால் அதே ஞாயிறு ஏற்காட்டில் இருக்க, தோஸ்து வெள்ளத்துரையோடு ரகசியமாக ரூம் போட்டுவிட்டார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற ஆள். அது வாயைத் திறந்தால் ஐஸ் உடைக்கிற மிஷினே அமைதியாகிவிடும்.

நைனாவுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே பொறுக்கிய ஒரு வார்த்தையோடு புதன்கிழமை வந்தார். கையில் டைப் அடித்த தாள்.

"மங்கை, ஆபீஸ் டூரு. மங்களூர். இந்தா, ஐட்டினரி."

"அது இன்னாய்யா, வியாதியா?"

"டூர் போறவனோட மொத்த பிளானும்மே. எப்போ கெளம்புறான், எங்க தங்குறான், எத்தினி மணிக்கு இன்னா பண்றான், அல்லாம் இதுல கீது. எழுதிட்டா எழுதினதுதான். அப்பிடியே நடக்கணும்."

"மாத்தவே முடியாதா?"

"அந்த ஆண்டவனே வந்தாலும் முடியாது."

அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. தண்ணி லாரிக்காரனிடம், "இன்னாபா, உன் ஐட்டினரில எங்க தெரு கீதா இல்லியா?" என்னிடம், "ஏய் ஜோதிகா, நீ குளிக்கிறதுக்கு எதுனா ஐட்டினரி போட்டுக்கிறியா?"

மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று நைனாவுக்கு ஒரே குஷி. இருந்தாலும் பயம். "ஜோ, உங்கம்மா சந்தேகப்பட்டா இருமுறேன். நீ மொட்டை மாடிக்குப் போயி, எங்க ஆபீஸ் ரேகா மேடம் மாதிரி போன் போட்டு, 'உடனே கெளம்புங்க'ன்னு மெரட்டு. ஹெட்போன் வாங்கித் தரேன்."

எனக்கு வராத குரலே கிடையாது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். பை ரெடி. வாசலில் வெள்ளத்துரை மாமாவின் ஆட்டோ 'பாம் பாம்' என்றது. நைனா ஒரு காலில் செருப்பு மாட்டியபோது அம்மா கதவை மறித்து நின்றது. கையில் அந்தத் தாள்.

"ஒரு நிமிசம்யா. 'ஞாயிறு காலை அஞ்சு மணி, பெரிய மீன்பிடி லாஞ்சு கரைக்கு வந்ததும் மங்கைக்கு வஞ்சிரம் வாங்குதல்.' நீயா எழுதுனது?"

"உம்மேல பாசம்மே!" நைனா நெஞ்சைத் தொட்டார்.

"நம்ப கடல்ல ஜூன் பதினாலு வரைக்கும் மீன் புடிக்கத் தடை."

"அதான்மே அங்க வாங்கியாறேன்!"

"அந்தப் பக்கம் ஒண்ணாந்தேதியே தடை ஆரம்பிச்சிட்ச்சு. ரெண்டு மாசம். அங்கேர்ந்து எனக்கு வந்துகினு இருந்த மீன் லாரியே திங்கக்கெழமையோட நின்னு போச்சு. உனக்கு மட்டும் எந்த லாஞ்சுய்யா வரும்?"

நைனாவின் இன்னொரு செருப்பு அந்தரத்தில் நின்றது. ஆட்டோ மறுபடி 'பாம்' என்றது. நைனா இருமினார். டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு இருமினார்.

நான் மாடிக்கு ஓடினேன். போன் அடித்தது. நைனா ஸ்பீக்கரில் போட்டார்.

"ரகுபதி? ரேகா பேசறேன்." குரலில் ஏ.சி. ரூம் குளிர்ச்சி. "மங்களூர் டூர் கேன்சல். குடும்ப விசேஷத்தை முதல்ல பாருங்க."

நைனாவுக்கு இருமலே மறந்துபோனது.

நான் இறங்கி வந்தபோது அம்மா தன் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தது. "இது என் ஐட்டினரிய்யா. நேத்து ராத்திரியே எழுதிட்டேன். படி."

நைனா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஆறு பத்து, மங்களூர் மீன் விசாரணை. ஆறு பதினைந்து, ரகுபதி இருமுதல். ஆறு இருபது, மொட்டை மாடியிலிருந்து மேடம் போன். ஆறு முப்பது, வெள்ளத்துரை அண்ணன் உள்ளே வந்து டீ குடித்தல், சீர்த்தட்டு தூக்கச் சம்மதித்தல்..."

திரும்பிப் பார்த்தார். வெள்ளத்துரை மாமா டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மன்ச்சிக்க மாமு. தங்கச்சி கேட்டா எப்டி முடியாதுன்றது?"

நைனா என்னை முறைத்தார். "துரோகி! உனக்கு ஹெட்போன் தரேன்னேனே!"

"அம்மா அடிக்க மாட்டேன்னு சொல்லிச்சு நைனா. அது பெரிய ஆஃபரு."

நைனாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. குரல் இறங்கியது. "ஞாயிறு எட்டு மணி, வெற்றி 'எப்போ வூடு கட்டுவே' என்று கேட்டல். எட்டு ஒன்று, மங்கை பதில் சொல்லுதல்."

நைனா தொண்டையைச் செருமினார், இந்தத் தடவை நிஜமாகவே. "இன்னா பதிலும்மே?"

"அது அப்போ வரும். நீ பின்பக்கம் படி. இன்னிக்கு இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

நைனா தாளைத் திருப்பினார். கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்த வேட்டியை எடுத்து உதறி மேஜைமேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

சரியாக ஆறு நாற்பது.