சந்தேகம் கடையில் இத்தாலிப் படம்

அறுபதுகளில் காரைக்குடியில் தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்த ஒரே மனிதர், படங்களுக்குச் சட்டம் போடும் 'சந்தேகம்'தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டால், "எதுக்குக் கேக்குறீக?" என்பார். அதனால் யாரும் கேட்பதில்லை.

டீ கொண்டுவந்தவர் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் குடிப்பார். பிழைப்பு சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது. ஆனால் ஆள் கறுப்புச் சட்டை. கடவுள் மீதும் அவருக்குச் சந்தேகம்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆச்சிக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் ஏலத்தில் எடுத்த படம்; ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். சாமி அறையில் லட்சுமிக்கும் முருகனுக்கும் நடுவில் தொங்கியது. கண்ணாடியில் விரிசல். பின்னால் ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொல்ல, காலேஜில் டைப்பிஸ்டாக இருந்த என்னைச் சந்தேகம் கூப்பிட்டார்.

படித்தேன். வரைந்தவர் இருநூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில், வெனிஸ் நகரத்தில் வாழ்ந்த பெண்மணி. கலர் சாக்பீஸ் மாதிரி ஒன்றால் முகம் வரைவதில் கெட்டிக்காரர். ராஜாக்களே அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தார்களாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் கண்பார்வை போய், வரைவது நின்றுவிட்டது. படத்தில் விரல் பட்டால் பொடி உதிர்ந்து முகம் அழிந்துவிடும்.

"ஒரு பொம்பளை முன்னாடி ராஜா அசையாம உக்காந்தாராக்கும்? நம்பச் சொல்றீக?"

எனக்குத் தெரியாமல் அதே காகிதத்தை ஒரு வாத்தியாரிடமும் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடமும் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றும் ஒத்துப்போனது. உடனே என்னிடம் வந்தார்.

"மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீகளா சார்?"

பழைய கண்ணாடியைக் கழற்றினார். மதுரையிலிருந்து வரவேண்டிய புதுக் கண்ணாடி வரவில்லை. பொடி பறந்துவிடக் கூடாதென்று கடையில் மின்விசிறிக்கு விடுமுறை. வருகிறவர்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேச வேண்டும். எனக்கு ஜலதோஷம் என்பதால் வாசலோடு சரி.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆச்சி குங்குமச் சிமிழோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"வெள்ளியும் அதுவுமா இந்தம்மா பொட்டில்லாம இருக்கலாமாண்ணே?"

சொல்லிக்கொண்டே விரலைத் தோய்த்துப் படத்தின் மேல் குனிந்தார். இருபது வருஷமாகக் கண்ணாடி மேல் பொட்டு வைத்த கை; இன்றைக்குக் கண்ணாடி இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. கத்த நேரமில்லை. சந்தேகம் பாய்ந்து தன் தலையைக் குறுக்கே நீட்டினார். பொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.

"ஐயய்யோ! நீங்க பொட்டே வைக்க மாட்டீகளேண்ணே!"

"பரவாயில்ல ஆச்சி. கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க."

விஷயம் புரிந்ததும் ஆச்சி சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் போனேன். கறுப்புச் சட்டைக்கு மேலே சிவப்பாகப் பொட்டு அப்படியே இருந்தது.

"அழிக்கலையாண்ணே?"

"அழிச்சா கையில ஒட்டும் சார். இந்தக் கையாலதான கண்ணாடி போடணும்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "முகம் கலைஞ்சுபோனா, திரும்ப வரைய அந்தம்மாவுக்குக் கண்ணு இல்லையே."

இருநூறு வருஷத்துக்கு முந்தி இருந்தவரைப் பற்றி, பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிப் பேசுவது போலக் கவலைப்பட்டார். அந்தச் சந்தேகப் பிராணியை எனக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.