ராஜாத்தி கேட்டைத் தாண்டக் கூடாது

"ராஜாத்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். ராஜாத்தியின் அளவுகளை வெளியாரிடம் சொல்ல மாட்டேன். ராஜாத்தியைப் போல இன்னொன்றை உருவாக்க மாட்டேன்."

புருஷனிடம் கம்பெனி கையெழுத்துக் கேட்டிருந்த காகிதத்தைப் படித்து முடித்து, ராஜாத்தி நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் ஓசூர் சிப்காட் முழுக்க ஃபியூஸ் போயிருக்கும்.

"என் அளவு உங்க கம்பெனிக்கு எப்படிங்க தெரியும்?"

"ஐயோ, அது நீ இல்லடி! நான் செஞ்ச ஜிக். ஓட்டை போடறப்ப கியரை அசையவிடாம பிடிச்சுக்கிற இரும்பு. ஷெட்ல எல்லாரும் அதை ராஜாத்தின்னுதான் கூப்பிடுவோம்."

"இரும்புக்கு எதுக்கு என் பேரு?"

கமலக்கண்ணன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். "பிடிச்சா விடாது. அதான்."

காபி ஆறுவதற்குள் ராஜாத்தி மேனேஜர் அறையில் நின்றாள். பின்னாலேயே கமலக்கண்ணன். மலேசியாவில் வேலை தயார், இருவருக்கும் விசா தயார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இந்தக் கம்பெனி ரிலீவிங் லெட்டர் கொடுக்கும்; கொடுத்தால்தான் விமானம். ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து அவனை ஷெட் பக்கமே விடவில்லை.

மேனேஜர் பிரதாப்பும் ஷெட்டுக்குப் போனதில்லை. வேர்க்குமாம்.

"அம்மா, ராஜாத்தி எங்க சொத்து."

"தாலி கட்டினவரே அப்படிச் சொன்னதில்ல. நீ யாருய்யா?"

"வெறும் பேர்தானே சார், மாத்திடுங்க" என்று சமாதானத்துக்குப் போனான் கமலக்கண்ணன்.

"ஓஹோ, பேரை மாத்திக் கடத்தப் பாக்கறியா? உன் தலைக்குள்ள இருக்கிற ராஜாத்தியும் கம்பெனிக்குத்தான் சொந்தம்!"

கமலக்கண்ணனுக்குப் பொறுமை போயிற்று. தலையை அப்படியே மேசைமேல் சாய்த்தான். "அறுத்து எடுத்துக்குங்க. குறட்டை விடும், நீங்கதான் பொறுத்துக்கணும். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்!"

ராஜாத்தி பாஸ்போர்ட்டை மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுல ராஜாத்தின்னுதான் போட்டிருக்கு. சர்க்காரே போகச் சொல்லுது. பிளேன் ஏறத்தான் போறேன். முடிஞ்சா நிறுத்திப் பாரு!"

பிரதாப் போட்ட கூச்சலில் தேன்கனிக்கோட்டை யானைகள் குட்டிகளோடு கர்நாடகாவுக்குக் குடிபோயின.

"வாட்ச்மேன்! ராஜாத்தி இந்த கேட்டைத் தாண்டக் கூடாது!"

ஓடிவந்த முனிசாமி தலையைச் சொறிந்தார். "ராஜாத்தியா சார்? பெட்டியில வச்சு ஆணியடிச்சு, போன வாரம் லாரியில ஏத்திவிட்டதே நான்தான்! இவரு வேலைக்குப் போற அதே மலேசியா கம்பெனிக்கு, நம்ம முதலாளியே வித்துட்டாரே!"