சமத்துவக் குழுவில் மெர்லின் பாப்டிஸ்ட்

பொது நிறுவனங்கள் இனி இன சமத்துவத்தை வளர்த்தே தீர வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தபோது, ப்ரோக்லி நகராட்சி அதை மனப்பூர்வமாக வரவேற்றது. சட்டத்தைச் செயல்படுத்தத் தேவையான கறுப்பின ஊழியர் ஒரே ஒருவர் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தார். பூங்காத் துறையில் ரோஜாப் பாத்திகளைப் பார்த்துவந்த மெர்லின் பாப்டிஸ்ட்.

அன்றிலிருந்து மெர்லின் மண்வெட்டியைத் தொடவில்லை. குப்பைத் துறையின் சமத்துவக் குழு, நீச்சல்குளத்தின் சமத்துவக் குழு, கல்லறைத் தோட்டத்தின் சமத்துவக் குழு என்று எல்லாவற்றிலும் அவள்தான் உறுப்பினர். எல்லா இடத்திலும் தேநீர், பிஸ்கட். அவள் பாத்திகளை அவளுக்குக் கீழே வேலை பார்த்த கீத் பார்த்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஓய்வு பெற்றார். மெர்லின் பல வருஷமாகக் காத்திருந்த பதவி. விண்ணப்பத்தோடு தலைமை நிர்வாகி தோர்ன்பரோவிடம் போனாள்.

"ரொம்ப சந்தோஷம் மெர்லின். ஆனா ஒரு சின்னச் சிக்கல். நேர்முகத் தேர்வுக் குழுவுல சமத்துவப் பிரதிநிதி கட்டாயம். அது நீங்கதான்."

"சரிங்க."

"குழுவுல உட்கார்றவங்க விண்ணப்பிக்க முடியாது. நியாயம்தானே?"

"அப்ப நான் குழுவுல இருந்து விலகிக்கிறேன்."

"நீங்க விலகினா குழு சட்டப்படி செல்லாது. தேர்வே நடக்காது. உங்களுக்கும் வேலை கிடைக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விண்ணப்பித்தவன் கீத் ஒருத்தன்தான். குழுவில் உட்கார்ந்து மெர்லினே அவனிடம் கேட்டாள்:

"ரோஜாக் கிளையெல்லாம் எப்போ வெட்டிக் கவாத்து பண்ணுவ கீத்து?"

"நீ சொல்றப்பதான், மெர்லின். எப்பவும் அப்படித்தானே?"

"ஆஹா, கூட்டு முயற்சி!" என்று தோர்ன்பரோ நெகிழ்ந்துபோனார். கீத் தலைமைத் தோட்டக்காரன் ஆனான்.

மறுநாள் மெர்லின் ராஜினாமாவை நீட்டினாள். தோர்ன்பரோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இப்படித் திடுதிப்புன்னு போக முடியாதும்மா! நீங்க போறதால இன சமத்துவத்துக்கு என்ன பாதிப்புன்னு முதல்ல மதிப்பீடு செய்யணும். பாதிக்கப்படுற சமூகத்தைக் கலந்தாலோசிக்கணும்."

"எந்தச் சமூகத்தை?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அவளையே கலந்தாலோசித்தார்.

"மெர்லின் பாப்டிஸ்ட் போறதுல உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"அந்தப் பொம்பளை எப்பவோ போயிருக்கணும்."

சமூகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று பதிவானது. வழியனுப்பு விழாவில் கீத் ரோஜாக் கொத்து கொடுத்தான். கடையில் வாங்கியது. பூங்காவில் அந்த வருஷம் ரோஜா பூக்கவில்லை.

இத்தனை குழுக்களில் உட்கார்ந்த அனுபவம் வீண்போகவில்லை. பக்கத்து நகராட்சி அவளைச் சமத்துவ ஆலோசகராகக் கூப்பிட்டது. முதல் நாள் போனதும் நல்ல அறை, மெத்தென்ற நாற்காலி. கூட்டம் முடிந்து வெளியே வந்தவளை நடையில் ஒருவர் வழிமறித்தார். நகராட்சிப் பேருந்து ஓட்டுகிற இக்ராமுல்லா.

"அக்கா, டிப்போ மேற்பார்வையாளர் வேலைக்கு மூணு தடவ மனு போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கீழ இருந்தவனுக்கே குடுக்குறாங்க. நம்ம ஆளு வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டு ஓடி வந்தேன். நீங்களாவது ஏதாவது பண்ணுங்க."

மெர்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது.

"மிக முக்கியமான விஷயம் சொல்லியிருக்கீங்க, தம்பி," என்றாள். "நாம இதுக்கு ஒரு குழு போடலாம். நீங்கதான் உறுப்பினர்."