இஞ்ஞாசியின் லெக்சரும் ஊராரின் மறுமொழியும்

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
1893, மாசி.

என் மனைவி மதலேனாளின் தம்பியும், திருச்சிராப்பள்ளியில் குமாஸ்தாவாக விளங்குகிறவருமாகிய மாப்பிள்ளை பிலவேந்திரன் அவர்களுக்குச் சந்தியாகு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே மாடு கன்று, நெல், உங்கள் அக்காள் எல்லாம் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம் என் மகன், உங்கள் மருமகன் இஞ்ஞாசி.

பி.ஏ. தேறி எம்.ஏ.வுக்குப் படிக்கிற பையன், காகிதத்தில் எழுதச் சொன்னால் முல்லையாற்று வெள்ளமாக எழுதுகிறான். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கல்யாணத்தில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னதற்குப் பந்தலை விட்டே ஓடியவன்தானே. இப்போது திருச்சிராப்பள்ளியில் அவன் படிக்கிற காலேஜிலேயே உபாத்தியாயர் வேலை ஒன்று காலியாகிறதாம். பாஸ்கா திருநாளுக்கு முன்னால், காலேஜை நடத்துகிற பெரிய சாமியார்கள் எதிரில் ஒரு லெக்சர் பண்ணிக் காட்டினால் அவனுக்கே கொடுப்பார்களாம். அவனுடைய ப்ரொபசர் நல்ல மனுஷர். "உனக்குச் சரக்கெல்லாம் இருக்கிறது, வாய்தான் பழகவில்லை, ஊருக்குப் போய் ஆட்களை உட்காரவைத்துப் பேசிப் பழகு" என்று லீவு கொடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த வேலையைத் தவிர வேறெதிலும் பையனுக்கு ஆசை கிடையாது. கிடைக்காவிட்டால் மனசு ஒடிந்துபோவானே என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் சனங்களைக் கோவில் வேப்பமரத்தடியில் நான்தான் உட்காரவைத்தேன், புத்தி கெட்டுப்போய். பையன் பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நின்று, ஆகாயத்துக் கிரகங்களைப் பற்றி இங்கிலீஷில் ஆரம்பித்தான். "மெர்குரி" என்றான், பயத்தில் மூச்சு முட்டி நிறுத்தினான். நம் சனத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. அங்கி போட்ட ஒருவர் புரியாத பாஷையில் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தினால், மோட்சத்திலிருக்கிற எந்த அர்ச்சியசிஷ்டவரோ என்று பிரார்த்தனைக்குப் பதில் சொல்வது பிறவிப் பழக்கம். மொத்தப் பேரும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று லத்தீனில் ராகமாக "ஓரா ப்ரோ நோபிஸ்" என்றார்கள். பையன் திடுக்கிட்டு "வீனஸ்" என்றான். "ஓரா ப்ரோ நோபிஸ்." செவ்வாய்க்கு வரும்போது எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். சனிக்கிரகத்துக்குப் பக்கத்து வீட்டுத் திரேசாள் கண்ணீரே விட்டாள். நான் ஓடிப்போய், "ஆத்தா, இது சாமி காரியமில்ல, பள்ளிக்கூடப் பாடம்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்துட்டுப் போகட்டும்ணே, வேண்டிக்கிட்டா கொறஞ்சா போயிருவோம்?" என்றாள்.

பையன் வெட்கத்தில் சாவான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவர்கள் பதில் பாடுகிற நேரத்துக்குள் அவனுக்கு அடுத்த வாக்கியம் ஞாபகம் வந்துவிடுகிறதாம்! அப்புறம் தினமும் அந்தியில் மரத்தடியில் லெக்சர்தான். பையன் கையை வீசி, குரலை ஏற்றி இறக்கிப் பேசினான் மாப்பிள்ளை, எனக்கு ஒரு வார்த்தை புரியாமலே நெஞ்சு நிறைந்துபோயிற்று. உங்கள் அக்காளோ, "எம்புள்ள வாயத் தொறந்தா ஊரே முட்டி போடுது" என்று கிணற்றடியில் எல்லாம் சொல்லித் திரிந்தாள். அது பங்குச் சாமியார் காதுக்கு எட்டி, அவர் வந்து, "கிரகங்களுக்கா பிரார்த்தனை?" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, தாம் ஒருவராக உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். இஞ்ஞாசி "மெர்குரி" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான். சாமியாரும் காத்திருந்தார். அவ்வளவுதான் லெக்சர். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. "காலேசுல இவனுக்கு யாரு பதில் சொல்லுவாக?" என்று உங்கள் அக்காள் அழுகிறாள். எனக்கும் அழுகைதான் வருகிறது, ஆண்பிள்ளையாகப் போனேன்.

ஆகையால் மாப்பிள்ளை, காலேஜ் பெரிய சாமியாரைப் பார்த்து, இஞ்ஞாசிக்குக் குளிர்காய்ச்சல், வரமாட்டான் என்று சொல்லிவிடுங்கள். பெரியாற்று அணை வேலையில் ஒரு எழுத்துவேலை விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே சுண்ணாம்பு மூட்டை முகத்தைப் பார்த்தால் போதும்.

உங்கள் வீட்டாருக்கு அக்காளின் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும். காவல் தூதர்களான சம்மனசுகள் உங்கள் வாசலை விட்டு நகராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தியாகு

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யவேண்டாம். கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் திரேசாள் தலைமையில் ஊரே வாசலில் வந்து நின்றது. "புள்ள பேசட்டும்ணே, நாங்க சன்னலுக்கு வெளிய நின்னு மெள்ளமாச் சொல்லிக்கிறோம், சாமியாருக காதுல விழாது" என்றாள். உள்ளே படுத்திருந்த இஞ்ஞாசி இதைக் கேட்டுச் சிரித்தான். எழுந்து வந்து சோறு கேட்டான். இப்போது ஊரையே ஏற்றிக்கொண்டு அம்மையநாயக்கனூர் ரயிலடிக்கு மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. எழுத்து கோணியிருப்பது பாதையின் குற்றம். பின்னால் இஞ்ஞாசி "ஜுபிடர்" என்கிறான், சனம் பதில் பாடுகிறது, வண்டிக்காரர் உசேன் ராவுத்தர் மாட்டைத் தட்டி "சபாஷ்" என்கிறார். தபாலில் போட்டால் எங்களுக்குப் பின்னால்தான் வரும் என்பதால் இதைக் கையிலேயே கொண்டுவருகிறேன். படித்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள், உங்கள் வாசலில் நிற்போம். உலையில் அரிசி கூடப் போடச் சொல்லிவிட்டு, காலேஜ் சன்னல் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். நீங்களும் எங்களோடு நிற்கவேண்டும் மாப்பிள்ளை; பதில் மறந்திருக்காதே?