சாய்கிற பெஞ்சைப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. அங்கே நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன்.

நீங்கள் வரைந்து கொடுத்த புது பெஞ்சுகளை எங்கள் பூங்காவில் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் தனித்தனியாக உட்காராமல் ஒருத்தரோடு ஒருத்தர் பழக வேண்டும் என்ற உங்கள் நல்லெண்ணத்தைப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பலகையைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றை ஆள் உட்கார்ந்தால் சாயும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பொத்தென்று புல்லில் கிடந்தேன். காலமெல்லாம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவனை ஒரு பெஞ்சு எடை போட்டுக் கவிழ்த்துவிட்டது.

மறுநாள் ஜாக்கிரதையாக, எதிர்முனையில் யாராவது வரட்டும் என்று நின்றேன். வந்தது யார் என்கிறீர்கள்? உங்கள் அப்பா! கல்யாணப் போட்டோ எடுக்கும்போது, பெண்ணைப் பெற்ற என்னைப் பார்த்து “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாரே, அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற பெஞ்செல்லாம் ஜோடி சேர்ந்தாகிவிட்டது. அவருக்கோ முழங்கால் வலி. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது சரி, எழுந்திருப்பது எப்படி? ஒருத்தர் எழுந்தால் மற்றவர் தரையில். நீயா நானா என்று வாயே திறக்காமல் இருட்டும்வரை இருந்தோம். வாட்ச்மேன் விசில் ஊதின பிறகு உங்கள் அப்பாதான், “எந்திரிக்கலாமா?” என்றார். நான் “ம்” என்றேன்.

அதோடு விட்டதா? என் பக்கம் கனம் அதிகம், அவர் பக்கம் மேலே தூக்குது. “கொஞ்சம் கிட்ட வாங்க சம்பந்தி”ன்னு இப்போ அவரே கூப்பிடறார். கிட்டப் போனா பேச்சு. பேச்சுன்னா, சின்ன வயசுல நீங்க பண்ணின அட்டகாசம் பூரா. நான் சிரிச்சா பெஞ்சு ஆடுது, அதுக்கும் எனக்குத்தான் திட்டு. ஒரு மனுஷன் நிம்மதியா கோபமா இருக்க ஒரு இடம் வேண்டாமா மாப்பிள்ளை? ஆகவே நகராட்சியிடம் சொல்லி, பெஞ்சை அசையாதபடி சிமென்ட் போட்டுப் பதிக்கச் செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும்தான், மனத்தாங்கல் போக மீதியிருப்பவை.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். பெஞ்சில் யாரும் கை வைக்க வேண்டாம். இன்று சாயங்காலம் ஒருத்தர் வந்து, சேர்ந்து உட்காரலாமா என்று கேட்டார். “ஆள் வர்றாங்க” என்று சொல்லிவிட்டு, பூங்காவைப் பூட்டும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.